மாஸ்ரர் நிறுத்திவைத்த ஓட்டங்கள்

வாசகர் கேள்வி, 2025 பெப்ரவரி 5

மாஸ்ரரின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடப் போகிறோம். அவர் உருவாக்கிய வீரர்களின் பட்டியலைப் பலரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். வலய மட்டத்தில் சிலர் இருக்கிறார்கள், மாகாண மட்டத்தில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், தேசிய மட்டத்தில் பதக்கம் பெற்றவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. முப்பது வருடமாக ஒரு கல்லூரி மைதானத்தில் நின்ற மனிதருக்கு இது போதுமா? அவருடைய சாதனை என்று நாங்கள் எதை எழுதுவது?

பெப்ரவரி 5, இரவு

தம்பி, நீங்கள் தேடுகிற பட்டியல் உடற்கல்வி ஆசிரியர்களிடம் இருக்கவேண்டியது. மாஸ்ரர் யாருக்கும் ஓடக் கற்றுக்கொடுத்தவர் அல்லர். கல்லூரிப் பதிவில் அவர் ஆய்வுகூட உதவியாளர். பாடசாலை முடிந்ததும் ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு, ஒரு பழைய பிஸ்கட் தகரத்துடன் மைதானத்து வேப்பமரத்தடிக்கு வருவார். அந்தத் தகரத்துக்குள் கிரேப் பண்டேஜ், கத்தரிக்கோல், முள் எடுக்கும் ஊசி, ஸ்பிரிட் போத்தல், நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற்றுகள், பழைய சாரத்தைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள் ஆகியவை இருக்கும். அடிபட்டவர்களும் மயங்கி விழுந்தவர்களும் வலியை ஒளித்துக்கொண்டு திரிந்தவர்களும் அவரிடம்தான் போய்ச் சேர்வார்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன்னர் எங்கள் ஒவ்வொருவருடைய நடையையும் பார்த்துவிட்டு, இன்றைக்கு இன்னார் ஓடக்கூடாது என்று சொல்லுவார். அவர் சொன்னபிறகு உடற்கல்வி ஆசிரியரும் மறுத்துப் பேசமாட்டார்.

2011 முதல் 2014 வரை நான் அந்த மைதானத்தில் 800 மீற்றர் ஓடினேன். இன்றைக்கு வயலில் இறங்கி நாற்று நடுகிறேன், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறேன், என் முழங்காலும் கணுக்காலும் ஒழுங்காக இருக்கின்றன. என்னோடு ஓடியவர்களில் பெரும்பாலானோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். மலரில் அதை எழுதுங்கள்.

பெப்ரவரி 6

கணுக்கால் பிரண்டு விழுந்த பிள்ளையை அவர் பார்க்கிற விதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நிலத்தில் அமர்ந்து அந்தக் காலைத் தன் மடியில் வைப்பார். முதலில் நோகாத காலைத்தான் தொட்டுப் பார்ப்பார். பிறகு வீங்கிய காலின் வெளிப்பக்க மொளியின், அதாவது கணுக்காலில் புடைத்திருக்கும் எலும்பின், பின் விளிம்பில் பெருவிரலை வைத்து, கீழிருந்து மேலாக மூன்று நான்கு விரற்கடை தூரத்துக்கு மெதுவாக அழுத்திக்கொண்டு போவார். அடுத்ததாக உள்மொளி, அதன் பின்னர் சின்னவிரல் எலும்பு தொடங்குகிற இடத்தில் பாதத்தின் வெளி ஓரத்தில் தட்டுப்படும் மேடு, கடைசியாகப் பாதத்தின் உள் வளைவுக்கு மேலே இருக்கிற சிறிய எலும்பு. விரல் காலில் இருந்தாலும் கண் முழுநேரமும் எங்கள் முகத்திலேதான் இருக்கும், ஏனென்றால் வாயால் நோகவில்லை என்று சொல்லுகிற பிள்ளையின் முகம் அப்படிச் சொல்லாது. இவ்வளவும் முடிந்தபிறகு, "எங்கை, எழும்பி நாலு அடி வை பாப்பம்" என்பார். எலும்பில் அழுத்தியபோது நொந்தாலோ, நாலு அடி வைக்க முடியாமற் போனாலோ வைத்தியசாலைக்கு அனுப்புவார். இல்லாவிட்டால் பண்டேஜைச் சுற்றி, காலை உயர்த்தி வைக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்.

பல வருடங்களின் பின்னர் முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்குப் போனபோதுதான், கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992 இல் வெளியிட்ட விதிகளும் இதே இடங்களையும் இதே நாலு அடியையும் சொல்லுகின்றன என்று அறிந்தேன். தேவையில்லாமல் எக்ஸ்றே எடுப்பதைக் குறைப்பதற்காக அவர்கள் அதை வகுத்தார்கள். கல்லூரிக்கு வந்துபோன வைத்தியர் ஒருவரிடம் கற்றதாக மாஸ்ரர் ஒருமுறை சொன்னார். எங்கள் ஊரில் அதன் பயன் இன்னும் பெரிது, ஏனென்றால் ஒரு பிள்ளையை எக்ஸ்றேக்குக் கொண்டுபோவது என்றால் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும், பேருந்து தவறினால் இரவும் அங்கேதான்.

பெப்ரவரி 6, மாலை

மாஸ்ரர் எண்ணெய் வைத்தியத்தை வெறுத்தவர் என்று முள்ளியவளையிலிருந்து எழுதிய அக்காவுக்கு: அவர் அதை வெறுத்தவர் அல்லர். ஊரிலிருந்த முறிவு நெரிவு வைத்தியரிடம் அவரே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உருவித் தேய்க்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். உள்ளே கிழிந்து இரத்தம் கசிகிற இடத்தைத் தேய்த்தால் வீக்கம் கூடும் என்பது அவர் சொன்ன காரணம், அது சரியான காரணமுங்கூட.

பெப்ரவரி 8

மல்லாவி அண்ணா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். போர் நடந்து, மருந்துக்கும் மின்கலத்துக்கும் சவர்க்காரத்துக்கும் தடை இருந்த காலத்தில், பனைமட்டையைச் சீவி, பஞ்சு வைத்து, கைமுறிந்த பெடியனுக்கு மாஸ்ரர் மட்டை கட்டிய கதையை நானும் என் தாயாரிடம் கேட்டிருக்கிறேன். மின்சாரம் இல்லாத ஊரில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? மண்பானைத் தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டு, அது சூடேறியதும் மாற்றி மாற்றிப் போடுவாராம்.

அண்ணா அதை 1995 என்று எழுதியிருக்கிறார். அது 1996 இன் பிற்பகுதியாகத்தான் இருக்கவேண்டும். கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து மல்லாவிக்கும் அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் வந்தபின்னர், கல்லூரி மரங்களின் கீழே நடந்த நாட்களில் நிகழ்ந்தது என்று அண்ணாவே சொல்லுகிறார். அந்த இடப்பெயர்வு 1996 இலேதான் நடந்தது. மலரில் ஆண்டைத் திருத்திப் போடுங்கள்.

பெப்ரவரி 9

மாஸ்ரரின் மகளோடு நேற்றுப் பேசினேன். மாஸ்ரரின் சீ.ஆர். கொப்பி, அந்தத் தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி, அவரிடம் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி அறியாத இளையவர்களுக்காக எழுதுகிறேன்.

போரின் முடிவில் எங்கள் சனம் வைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து 2010 இல் கல்லூரி மறுபடியும் தொடங்கியபோது, எங்களில் எத்தனையோ பேரின் உடம்புக்குள் ஷெல் பீஸ், அதாவது எறிகணைச் சிதறல், இருந்தது. எடுக்கப்போனால் கூடுதலான கேடு வரும், இருக்கட்டும் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டவை அவை. மாஸ்ரர் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, பெயர், வகுப்பு, விளையாட்டு இல்லம் என்று நிரல் வைத்து, கடைசி நிரலுக்குப் "பீஸ்" என்று தலைப்பிட்டார். வலது தொடை, பின்பக்கம், நீட்டி ஓடினால் குத்தும். முதுகு, இடது தோளுக்குக் கீழே, குண்டு எறிய விடவேண்டாம். இடது காது கேளாது. இப்படித்தான் பக்கம் பக்கமாக இருக்கும். என் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது, எனக்கு ஒன்றும் இல்லை என்பதற்காக. அந்தக் கோட்டைப் பார்க்கக் கூச்சமாக இருந்த வயது எனக்கு.

காது கேளாதவர்களைத் தொடக்கி வைப்பவருக்கு நேரே தெரியும் ஓடுபாதையில் நிறுத்தச் சொல்லுவார், கை இறங்குவதைப் பார்த்து ஓடலாம் என்பதற்காக. அந்த முதலாவது இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓட்டத்தைத் தொடக்கத் துவக்கால் வெடி வைத்தபோது, பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் பலர் நிலத்தில் குப்புற விழுந்துவிட்டார்கள். ஒரு குழந்தை எழும்பவே மறுத்தது. மாஸ்ரர் மைதானத்தைக் குறுக்கே கடந்துபோய்த் தொடக்குநரிடம் ஏதோ பேசினார். அடுத்த ஓட்டத்திலிருந்து இரண்டு பலகைகளை அடித்துக் கொடியை இறக்கித்தான் தொடக்கினார்கள். 2013 இல் வெடி மறுபடியும் வந்தபோது, போட்டிக்கு முதல்நாள் அவர் அந்தத் துவக்கைச் சின்ன வகுப்புகளுக்குக் கொண்டுபோய்க் காட்டி, விரும்பிய பிள்ளைகளின் கையில் கொடுத்து, எப்படிச் சத்தம் வருகிறது என்று விளக்கினார்.

கொப்பியை மலரில் படமாகப் போடவேண்டாம். அதில் இருப்பவை எங்கள் உடம்புகள்.

பெப்ரவரி 11

பனிக்கட்டி வைப்பது இப்போது தவறு என்கிறார்களே, மாஸ்ரர் வைத்தாரே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978 இல் பரப்பிய கேப் மேர்க்கின் என்ற அமெரிக்க வைத்தியரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதிக்கக்கூடும் என்று பிற்காலத்தில் எழுதினார். வலியைக் குறைப்பதற்கு முதற் சில மணித்தியாலங்களில் கொஞ்ச நேரம் வைப்பதை அவரும் தடுக்கவில்லை.

மாஸ்ரர் செய்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். மீள்குடியேறிய பிறகு, முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற வியாபாரியை மைதானத்து வாசலில் மறித்து, அவருடைய றெஜிபோம் பெட்டியிலிருந்து ஒரு கை பனிக்கட்டி வாங்கித் துணியில் சுற்றிவைப்பார். சூடை மீன் மணக்கும் பண்டேஜுடன் வகுப்புக்குப் போய் எல்லோரிடமும் சிரிப்பு வாங்காதவர்கள் எங்கள் அணியில் குறைவு. பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். மூன்றாம் நாளே மெதுவாக நடக்கச் சொல்லுவார், பிறகு பாதத்தால் காற்றில் அரிச்சுவடி எழுதச் சொல்லுவார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லுவார். அந்த ஒற்றைக்கால் நிலையைத்தான் மற்றவர்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒருமுறை பிரண்ட கணுக்கால் மறுபடி பிரளாமல் இருப்பதற்கு அந்தச் சமநிலைப் பயிற்சிதான் முக்கியம் என்று இன்று எல்லோரும் சொல்லுகிறார்கள்.

பெப்ரவரி 12

என் சொந்தக் கதையை எழுதுவதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2013 இல் மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தேன். சில வாரங்கள் இருக்கும்போது இடது கால் முன்னெலும்பில் ஒரு வலி தொடங்கியது. முதலில் ஓடத் தொடங்கும்போது மட்டும் இருந்து பின்னர் மறைந்துவிடும். பிறகு மறையாமல் நின்றது, அதன்பின் படுத்திருக்கும்போதும் வந்தது. மாஸ்ரர் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, நோகிற இடத்தை ஒரு விரலாலை காட்டு." உள்ளங்கையால் எலும்பு முழுவதையும் தடவிக் காட்டுகிற பிள்ளைகளுக்கு ஓட்டத்தைக் குறைத்து, தார் வீதியை விட்டுப் புல்லில் ஓடச் சொல்லுவார். நான் ஒரே இடத்தில் ஒரு விரலை வைத்தேன். அவர் அங்கே அழுத்தியதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்றோடு என் ஓட்டம் நின்றது.

வைத்தியசாலையில் எடுத்த எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியவில்லை. அணிக்குப் பொறுப்பாக இருந்த ஒருவர், படத்திலேயே ஒன்றும் இல்லை, பிள்ளை ஓடட்டும் என்றார். அழுத்தத்தால் வருகிற மயிர்வெடிப்பு முதற் சில வாரங்களில் படத்தில் தெரியாது, எலும்பு பொருந்தத் தொடங்கிய பின்னர்தான் தெரியும் என்று மாஸ்ரர் சொன்னார். அவர்கள் கேட்கவில்லை என்றதும், மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, தறப்பாள் கூரையின் கீழே அம்மாவுக்கு முன்னால் இருந்து, ஓட்டத்தின் நடுவில் எலும்பு முழுதாக முறியக்கூடும் என்பதை விளக்கினார். அம்மா சம்மதக் கையொப்பமிட மறுத்துவிட்டார். நான் மாதக்கணக்கில் மாஸ்ரருடன் பேசவில்லை. பின்னர் எடுத்த எக்ஸ்றேயில் அந்த இடத்தில் எலும்பு வெள்ளையாகத் தடித்திருந்தது. அதை அவர் வெயிலுக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு மாகாணத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருப்பேன் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. அவர் செய்தது சரி என்று அறிந்திருந்தும் போகவில்லை.

பெப்ரவரி 13

நீளம் பாய்ந்த அண்ணாவின் குறிப்பு என்னை உறங்கவிடவில்லை. முழங்காலுக்காக மாஸ்ரர் அவரை நிறுத்தினார். பின்னர் யாழ்ப்பாணத்தில் பார்த்த விசேட வைத்தியர் முழங்காலில் ஒன்றும் இல்லை என்றார். தேசிய மட்டச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டுக்கான விசேட உள்ளீர்ப்பில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தவருக்கு அந்த வழி அடைபட்டது. தன் வழியை மாஸ்ரர்தான் மறித்தார் என்று அவர் எழுதுகிறார்.

அண்ணா, இதையும் மலரில் போடவேண்டும். நிறுத்துகிற அதிகாரம் ஒருவருக்கு இருந்தால் சில சமயம் நிறுத்தக் கூடாதவரையும் அவர் நிறுத்துவார். அதை மறைத்தால் அவர் எடுத்துக்கொண்ட பாரம் எவ்வளவு என்பது தெரியாமற் போகும். உங்களுக்கு நேர்ந்த இழப்பை என் கால் எலும்பைக் காட்டிச் சரிக்கட்ட முடியாது.

பெப்ரவரி 13, இரவு

அண்ணா மறுபடி எழுதியிருக்கிறார்: உண்மை தெரிந்தபிறகு மாஸ்ரர் தங்கள் வீட்டுக்கு வந்து தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்டதாகவும், தகப்பனார் தேநீர் கொடுத்ததாகவும், தான் உள்ளே இருந்து வெளியே வரவில்லை என்றும். மலருக்கு அவரே ஒரு பக்கம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். யாரும் அதைத் திருத்தவேண்டாம்.

பெப்ரவரி 14

பெண்பிள்ளைகளை அவர் எப்படிப் பார்த்தார் என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க ஒன்றுமில்லை. கணுக்காலுக்கு மேலே என்றால் அவர் தனியாகத் தொடமாட்டார். என் முன்னெலும்பைக்கூட ஆசிரியை ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திவைத்துத்தான் அழுத்தினார். உயர்தர வகுப்பு அக்காமார் இருவருக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்திருந்தார். அவர்கள் அறைக்குள் கட்ட, கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எத்தனை சுற்று, எந்தப் பக்கமிருந்து என்று சொல்லுவார். மாதவிலக்கு நாட்களில் யார் ஓடவில்லை, யார் அடிக்கடி தலைசுற்றுகிறது என்கிறார்கள் என்பதை அந்த அக்காமார் ஆசிரியையிடம் சொல்ல, ஆசிரியை தாய்மாரிடம் சொல்லுவார். அப்படித்தான் எங்களில் சிலருக்கு இரத்தச்சோகை இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள் யார் என்பதும் அப்படித்தான் தெரியவந்தது. வேப்பமரத்தடியில் கஞ்சி கொடுப்பது அதன்பிறகு தொடங்கியது.

அந்த அக்காமாரில் ஒருவர் இன்று தாதி. அவரும் எழுதவேண்டும்.

பெப்ரவரி 16

மரதன் ஓட்டத்தைப் பற்றி எழுதாமல் இந்த விடயம் முடியாது.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னர் வீதியில் நடக்கிற அந்த ஓட்டத்தை விடியற்காலையில் வைக்கவேண்டும் என்று மாஸ்ரர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். ஒரு வருடம் மார்ச் மாதம் அது நடந்தது. பிரதம விருந்தினர் பிந்தி வந்ததால் ஓட்டம் வெயில் ஏறியபிறகுதான் தொடங்கியது. மாஸ்ரர் கடைசி வளைவில் ஒரு பரல் தண்ணீரும் நனைத்த சாக்குகளும் வைத்துக்கொண்டு நின்றார். முன்னணியில் வந்த பெடியன் ஒருவன் தள்ளாடி, வீதிக்குக் குறுக்கே ஓடி, கேட்ட கேள்விக்கு வேறேதோ பிதற்றிக்கொண்டு விழுந்தான். உடனே வானில் ஏற்றிக்கொண்டு ஓடவேண்டும் என்று எல்லோரும் கத்தினார்கள். மாஸ்ரர் வானின் கதவை மறித்துக்கொண்டு நின்று, "முதல் குளிரட்டும், பிறகு ஏத்துங்கோ" என்றார். மேற்சட்டையைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, நனைந்த சாக்கைப் போர்த்து, நாங்கள் நாலு பேர் தடுக்குகளால் விசிறினோம். அவன் தன் பெயரைச் சரியாகச் சொன்னபிறகுதான் வான் புறப்பட்டது.

வெயிலில் ஓடியவருக்குப் புத்தி தடுமாறினால் உடம்புச் சூடு 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும் என்றுதான் எண்ணவேண்டும். அரை மணித்தியாலத்துக்குள் அதை இறக்காவிட்டால் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் கெடத் தொடங்கும். எங்கள் ஊரில் வைத்தியசாலைக்குப் போகிற வழியிலேயே அந்த அரை மணித்தியாலம் முடிந்துவிடும். வானை மறித்து நின்றவரைப் பார்த்து அன்றைக்கு ஏசியவர்கள் இருக்கிறார்கள்.

கிழக்கில் 2024 மார்ச்சில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவன் ஒருவன் இறந்த செய்தி வந்தது. அவனுக்கு என்ன நேர்ந்தது என்று நான் ஊகித்து எழுதமாட்டேன். அந்தச் செய்தியை வாசித்துவிட்டு நான் மாஸ்ரருக்குத் தொலைபேசி எடுத்தேன். வருத்தமாக இருந்தார். பரல் இப்போதும் வைக்கிறார்களா என்று கேட்டார். ஓய்வுபெற்றபிறகு அவருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

பெப்ரவரி 17

கனடாவிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு நன்றி. அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த வேலைக்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய தேசியச் சங்கம் 1950 இல் தொடங்கியது, காயப்பட்டவர் எப்போது மறுபடி களத்தில் இறங்கலாம் என்பதில் அணிப் பயிற்றுநர் தலையிட முடியாது என்று அவர் எழுதியிருக்கிறார். எங்களுக்கு அந்த இறுதி வசனம்தான் தேவை. படித்த ஆளை நியமிக்கக் காசு இல்லாமல் இருக்கலாம். வெற்றியில் பங்கில்லாத ஒருவரிடம் நிறுத்துகிற அதிகாரத்தைக் கொடுப்பதற்குக் காசு தேவையில்லை.

பெப்ரவரி 20

மலரைப் பற்றிய முடிவு: பதக்கப் பட்டியல் இல்லை. மாஸ்ரர் நிறுத்தியவர்கள், விருப்பமானவர்கள் மட்டும், ஆளுக்குச் சில வரிகள் எழுதுகிறார்கள். நீளம் பாய்ந்த அண்ணாவின் பக்கம் முழுதாக வருகிறது. கணுக்காலைப் பார்க்கிற முறையும் வெயிலில் விழுந்தவரைக் குளிரவைக்கிற முறையும் படத்துடன் கடைசிப் பக்கங்களில் வருகின்றன, அவற்றைத் தாதி அக்கா சரிபார்க்கிறார்.

அதிபரைச் சந்தித்தோம். இந்த வருட மரதன் ஓட்டம் காலை ஆறு மணிக்குத் தொடங்கும், விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும். முதலுதவிக்கு நிற்பவர் ஓடவேண்டாம் என்று சொன்னால் அந்த மாணவர் விலகவேண்டும் என்பதை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட ஒப்புக்கொண்டார். பழைய மாணவர்கள் நால்வர் நிற்கிறோம். பரல் கிடைத்துவிட்டது, சாக்குகளும் உண்டு. மீன்வியாபாரியின் மகன் பனிக்கட்டி தருகிறேன் என்றார்.

மல்லாவி அண்ணா, பண்டேஜ் வாங்கும்போது ஆறு அங்குலம் வேண்டாம். கணுக்காலுக்கு நான்கு அங்குலம்தான் சுற்ற வசதி. ஜீவனிப் பக்கற்றின் காலாவதித் திகதியையும் பார்த்து வாங்குங்கள்.